கூத்தம்பாறைக்குப் போன சாவுச் செய்தி

மெய்க்குறி வந்த முதல் மாதத்திலேயே, திலகவதிக்குத் தெரிந்த வட்டாரத்தில் மட்டும் பதினோரு கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளைக்குச் சென்னையில் சொந்த வீடு என்று தரகர் அனுப்பினால், அந்த வரிக்குப் பக்கத்தில் மிளகு அளவு ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது. பெண் சமையலில் கெட்டிக்காரி என்றால் அதற்கும் சிவப்பு. கட்டிலில் புரண்டுகொண்டே "வந்துக்கிட்டே இருக்கேன், பாலம் தாண்டிட்டேன்" என்று அடித்தவர்கள் எல்லாம் கையும் களவுமாக மாட்டினார்கள். பாழாய்ப்போன புள்ளி, யாரையும் விட்டுவைக்கவில்லை.

வதந்தியால் நாடு கெட்டுப்போகிறது என்று சொல்லித்தான் அரசாங்கம் இதைக் கொண்டுவந்தது. இணையத்தில் போகிற ஒவ்வொரு செய்தியையும் ஒவ்வொரு அழைப்பையும் ஓர் இயந்திரம் எடை போடும். அனுப்புகிறவரின் போன் எங்கே இருக்கிறது, ஆஸ்பத்திரிப் பதிவேடு என்ன சொல்கிறது, தெருக் கேமராவில் யார் தெரிகிறார்கள், வீட்டில் கரண்ட் மீட்டர் ஓடுகிறதா என்று எல்லாவற்றோடும் வைத்துப் பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை, போகாவிட்டால் சிவப்பு. அரசு அறிவிப்புக்கே எதிராக இருந்தால் புள்ளியோடு விடாது. அதற்குப் பெயர் பதற்றச் செய்தி. அது போய்ச் சேரவே சேராது. அழைப்பாக இருந்தால் அந்த வார்த்தையிலேயே அறுந்துவிடும்.

"எந்தக் கண்ணும் பார்க்காது, எடை மட்டுமே போடப்படும்" என்று பஸ் நிறுத்தத்துக்குப் பஸ் நிறுத்தம் எழுதிவைத்தார்கள். ஜனங்கள் நம்பினார்களா? "கண்ணு பாக்காதாம்ல! அப்ப நான் பொண்டாட்டிக்கு அனுப்புனதுக்கு மட்டும் எப்படிப்பா செவப்பு வருது?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அதே போனை எடுத்து அதே மாதிரி அனுப்பவும் செய்தார்கள். வேறு என்ன வழி இருந்தது?

அந்தக் கண் திலகவதிதான். அவளும் இன்னும் பதின்மூன்று பேரும்.

சிவப்பு விழுந்தவர்கள் "குறி தவறு" என்ற பொத்தானை அழுத்தி முறையிடலாம். அதையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் அது மாவட்டத் தலைநகரில், வாசலில் "விதைச் சான்று அலுவலகம்" என்று பழைய பலகை தொங்குகிற கட்டடத்துக்கு வரும். பலகையைக் கழற்றவில்லை. மாதத்துக்கு இரண்டு சம்சாரிகள் நெல் விதையோடு வந்து நிற்பார்கள், திருப்பி அனுப்புவார்கள். உள்ளே பதினான்கு பேர் அடுத்தவர் வீட்டுச் சண்டையை, கடன் கெஞ்சலை, கள்ளக் காதலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மூச்சு விட்டால் ஏழு வருஷம் உள்ளே. திலகவதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். நாற்பத்தைந்து வயதில், புருஷன் இல்லாமல், அம்மாவை வைத்துக் காப்பாற்றுகிறவளுக்கு எந்த வேலை கிடைக்கிறதோ அதுதான் வேலை.

ஒருநாள் சிவப்பு விழுந்த செய்திகளின் மொத்தப் பட்டியலைப் புரட்டியபோது, அவளுடைய கண்காணிப்பாளர் சாலமன் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்.

"திலகா, இதப் பாரேன். 'அப்பாவுக்கு சீரியஸா இருக்கு, ஒடனே கிளம்பி வா.' செவப்பு. 'பெரியம்மாவுக்கு முடியல, லீவு போட்டுட்டு வா.' இதுவும் செவப்பு. இந்த மாசம் மட்டும் நூத்துக்கணக்குல இருக்கு. ஒருத்தராவது முறையீடு போட்டிருக்காங்களா?"

"எப்படி சார் போடுவாங்க? ஆளு ஏற்கனவே செத்திருப்பாக. வழியில நெஞ்சு வெடிச்சிரக் கூடாதுன்னு சீரியஸ்னு சொல்லிக் கூப்பிடுறது. ஊர் உலக வழக்கம்தான?"

"அதத்தான் சொல்றேன். மெய்க்குறி வந்ததுல இருந்து செவப்பப் பாத்த ஒடனே போயிட்டாங்கன்னு முடிவு பண்ணி, மாலையும் கையுமாவே வந்து இறங்குறாங்க. அரசாங்கம் சொல்ற எதையும் நம்பாத ஜனம், இந்த ஒரு செவப்ப மட்டும் கண்ண மூடிக்கிட்டு நம்புது." சாலமன் சிரித்தார். திலகவதியும் சிரித்தாள்.

இது நடந்து ஒரு வருஷம் கழித்து, கார்த்திகை மாதம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு அவள் திரையில் ஒரு முறையீடு வந்து விழுந்தது. அனுப்பியவர் வெயிலுமுத்து, மஞ்சணாறு அணையில் மதகு ஏற்றி இறக்கும் ஊழியர். தன் மனைவிக்கு எழுதியிருந்தார்.

"கரைக்கு வெளிப்பக்கம் ஊத்து கெளம்பிருச்சு. நேத்து வரைக்கும் தெளிஞ்ச தண்ணியா வந்துச்சு, காலையில இருந்து கலங்கலா வருது. மண்ணை அரிச்சுக்கிட்டு வருது. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிரு."

பதற்றச் செய்தி என்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மூன்று தடவை முறையிட்டிருந்தார். அதற்குக் கீழேயே, காலை எட்டு மணிக்கு வெளியான அரசு அறிவிப்பு இருந்தது: "மஞ்சணாறு அணை முழுப் பாதுகாப்புடன் உள்ளது. வதந்திகளை நம்ப வேண்டாம்." பச்சை.

அணைக்குக் கீழே ஆறாவது கிலோமீட்டரில் கூத்தம்பாறை. அங்கேதான் திலகவதியின் தங்கை சுகன்யா இருக்கிறாள். ஒன்பது வருஷம் கோயில் கோயிலாக அலைந்து, இப்போதுதான் ஏழு மாசம். அம்மா பஞ்சவர்ணம் பிறந்த ஊரும் அதுதான். சித்தப்பா, பெரியப்பா, மாமன், மச்சான் என்று தெருவே சொந்தம்.

ஓடினாள் சாலமனிடம்.

"சார், தெளிஞ்ச ஊத்துன்னா பயமில்ல. கலங்கலா வந்தா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்தச் செய்திய விடுங்க சார்."

சாலமன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். மேலிடத்துக்கு போன் போட்டார். "ஆமாங்க சார்... சரிங்க சார்... தெரியும் சார்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு எதுவும் வரவில்லை.

"அணை பத்திரமா இருக்குன்னு காலையிலயே சொல்லியாச்சாம். இப்ப மாத்திச் சொன்னா ஜனம் என்ன நினைக்கும்னு கேக்குறாங்க."

"அந்த ஆளு கரையில நின்னு கண்ணால பாத்துச் சொல்றாரு சார்!"

"மெஷினு எத வச்சு எடை போடுது? மேல சொல்றத வச்சுத்தான். எடைக்கல்லே தப்பா இருந்தா நான் எங்க போய்ச் சொல்லுவேன் தாயி?" கெட்ட மனுஷன் இல்லை. ரெண்டு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறவர், அவ்வளவுதான்.

திலகவதி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுகன்யாவைக் கூப்பிட்டாள்.

"சுகன்யா, நான் சொல்றத நல்லாக் கேளு. அணை..."

அறுந்துபோனது. மறுபடி கூப்பிட்டாள்.

"ஏய், ஒடனே ஊர விட்டு..."

அறுந்தது. மூன்றாவது தடவை சுகன்யாவே முந்திக்கொண்டாள். "என்னக்கா, சிக்னலே இல்லையா? நல்லாத்தான் இருக்கேன், சும்மா சும்மா கூப்பிடாத. மழை விடட்டும், பேசுவோம்." வைத்துவிட்டாள்.

நாற்பது கிலோமீட்டர். பஸ் பிடித்துப் போனால் இரண்டு மணி நேரம். போய் வீடு வீடாகச் சொல்லி, நம்பவைத்து, கிளப்பி... பிள்ளைத்தாய்ச்சியையும் கிழடு கட்டைகளையும் மழையில் வெறும் வாய்ச்சொல்லுக்கு யார் கிளப்புவார்கள்? அந்தத் தெருவே ஒரு நிமிஷத்தில் எழுந்து ஓடிவர வேண்டுமென்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அது மனதில் வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ச்சீ, பெத்த தாய்!

கூசிக்கொண்டே அடித்தாள். சொந்தக்காரர்களின் குழு, நூற்றுச் சொச்சம் பேர்.

"அம்மாவுக்கு ரொம்ப சீரியஸா இருக்கு. பெரியாஸ்பத்திரியில வச்சிருக்கோம். எல்லாரும் ஒடனே கிளம்பி வாங்க."

அம்மாவின் பெயர் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. அம்மாவின் போன் வீட்டில் இருந்தது, வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை, சிவப்பு. வீட்டு விஷயம்தானே, அரசாங்கத்துக்கு எதிராக ஒன்றும் இல்லையே. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

சித்தப்பா உடனே எழுதினார்: "எத்தனை மணிக்கு எடுக்குறீங்க?" எழுதிய வேகத்தில் அழித்துவிட்டு, "கவலப்படாத தாயி, ஒண்ணும் ஆகாது, வாரோம்" என்று மாற்றினார். அதற்கும் சிவப்பு.

திலகவதி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பஞ்சவர்ணம் அவரைக்காய் உரித்துக்கொண்டே தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயது, கடைவாய்ப் பல் ஒன்றுதான் குறை. மகள் மூச்சு வாங்கச் சொன்னதை எல்லாம் கேட்டு முடித்தாள்.

"ஆக, என்னயக் கொன்னுட்ட."

"ஆமாம்மா."

"அவ வயித்துப் பிள்ளைக்காகத்தான?"

"ஆமா."

"சரி விடு. கொன்னது கொன்ன, வாரவுகளுக்கு ஒரு வாய் காப்பி குடுக்க வேண்டாமா? இழவு வீட்டுல அடுப்புப் பத்த வைக்கக் கூடாதேடி, இப்ப நான் என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டு உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தாள். திலகவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இரண்டரை மணிக்கு இரண்டு வேனும் ஒரு மினி லாரியும் வந்து நின்றன. அறுபத்து மூன்று பேர். தெருமுனையிலேயே பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டார்கள். "என்னப் பெத்த தாயே, எங்கள விட்டுப் போயிட்டியே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தவர்கள், வாசலில் பஞ்சவர்ணம் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். அத்தைக்காரி ஒருத்தி அலறியடித்துப் பின்னால் விழுந்தாள். அவள் கையில் இருந்த ரோஜா மாலை சாக்கடையில் போய் விழுந்தது.

"வாங்க, உள்ள வாங்க. நான் இன்னும் போகல" என்றாள் பஞ்சவர்ணம்.

சித்தப்பா நேராக வந்து திலகவதியின் கன்னத்தில் ஒன்று விட்டார். அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள். கலங்கல் ஊற்றைச் சொன்னாள், நிறுத்தப்பட்ட செய்தியைச் சொன்னாள், தான் பார்க்கிற வேலையையும் சொன்னாள். வாயால் நேருக்கு நேர் சொல்வதை அறுக்க இன்னும் எந்த மெஷினும் வரவில்லை. ஏழு வருஷம் என்றால் ஏழு வருஷம், போகட்டும்.

இத்தனை நாள் தங்கள் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தவள் நம் வீட்டுப் பெண்ணா என்று சிலர் பார்த்த பார்வை, சித்தப்பா கொடுத்த அறையைவிட வலித்தது. சுகன்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"அக்கா, வடிவு?"

"யாரு?"

"நம்ம காலனி வடிவு. என் வீட்டு மாட்டுக்கெல்லாம் அவதான். கிளம்புறப்ப வந்து நின்னாக்கா. 'நானும் வாரேன், ஆத்தா மொகத்த ஒரு தடவ பாத்துருதேன்'னா. நாந்தான் 'நீ எதுக்கு, வேன்ல எடம் இல்ல, மாட்டப் பாத்துக்க'ன்னு..."

எல்லோரும் போனை எடுத்தார்கள். "வடிவு, அணை" என்றதும் அறுந்தது. "மேட்டுக்குப் போ" என்றதும் அறுந்தது. எழுதி அனுப்பியதெல்லாம் பதற்றச் செய்தி என்று நின்றுபோனது. ஊரில் தங்கிவிட்ட மற்ற வீட்டுக்காரர்களுக்கு, காலனித் தலைவருக்கு, பள்ளிக்கூட வாத்தியாருக்கு, எதுவும் போகவில்லை. சுகன்யாவின் புருஷனும் இன்னொருவனும் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். பாதி தூரத்தில் ரோட்டின் மேல் இடுப்பளவு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அப்போது மணி நாலு பத்து.

அணை உடைந்த வெள்ளத்தில் கூத்தம்பாறை ஊருக்குள் ஆறு பேர் செத்துப்போனார்கள். ஓடைப் பக்கம் தாழ்வில் இருந்த காலனியில் இருபத்தொரு பேர். வடிவு ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். நாலாம் வகுப்பு படித்த அவள் மகள் அபிநயா பிழைக்கவில்லை.

மறுநாள் அரசு அறிவிப்பு வந்தது. "உரிய நேரத்தில் எடுக்கப்பட்ட முன்னெச்சரிக்கை நடவடிக்கையால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. கூத்தம்பாறையிலிருந்து மட்டும் அறுபத்து மூன்று பேர் முன்கூட்டியே பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டனர்." பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"அறுபத்து மூணு!" திலகவதி சாலமன் முன்னால் போய் நின்றாள். "எங்க வேனை எண்ணியிருக்காங்க சார். போன் எல்லாம் எங்கிட்டுப் போச்சுன்னு பாத்து, அதையே அவங்க கணக்குல எழுதிக்கிட்டாங்க."

"தெரியும்."

"என்னய என்ன செய்யப் போறாங்க? ஜெயிலா?"

"ஒன்னய எப்படி உள்ள போடுவாங்க? போட்டா, இந்தம்மா முறையீட்டப் படிச்சுட்டு வெளிய சொல்லிருச்சுன்னு எழுதணும். அப்ப நம்ம படிக்கிறோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்ல." சாலமன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேசாம வேலையப் பாரு. நானும் அதத்தான் செய்றேன்."

அவள் வேலையைப் பார்த்தாள். அதை நினைத்தால்தான் அவளுக்கே அவள்மீது ஆத்திரம் வரும். தை மாதம் சுகன்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. "என் உசிரக் குடுத்து வாங்குன பிள்ளை" என்று பஞ்சவர்ணம் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

மாசி முடியும்போது, ஒரு காலை வேளையில், காப்பி டம்ளரைக் கீழே வைத்த பஞ்சவர்ணம் அப்படியே சாய்ந்துவிட்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

இந்தத் தடவை திலகவதி சீரியஸ் என்றெல்லாம் எழுதவில்லை. அழுதுகொண்டே உள்ளதை உள்ளபடி அடித்தாள். "அம்மா போயிட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம்." டாக்டரின் சான்று ஏற்கனவே ஏறியிருந்தது. பச்சை.

குழுவில் ஒருத்தரும் பதில் போடவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை, ஐயோ என்றுகூட எழுதவில்லை. ஆனால் பன்னிரண்டு மணிக்குள் தெரு அடைத்துக்கொண்டது. வேன், டிராக்டர், ஷேர் ஆட்டோ. இறங்கியவர்களில் ஒருத்தர் கையிலும் மாலை இல்லை. துணி மூட்டை இருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய ரேஷன் கார்டு, பத்திரம், பிள்ளைகளின் சர்டிபிகேட் இருந்தன. ஒரு கிழவர் இரண்டு சேவலைக் காலைக் கட்டித் தூக்கி வந்திருந்தார்.

"எங்கிட்டு தாயி ஒடஞ்சிருக்கு?" என்றார் சித்தப்பா, இறங்குவதற்கு முன்பே.

"எதுவும் ஒடையல சித்தப்பா. அம்மா போயிட்டாங்க."

"அது சரி. எங்கிட்டுச் சொல்லு, மேற்கயா?"

"நெசமாவே போயிட்டாங்க. பச்ச விழுந்திருக்குல்ல?"

"அணை பத்திரம்னதுக்கும் பச்சதான விழுந்துச்சு" என்றார் அவர்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சவர்ணம் கிடந்தாள். வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அத்தைக்காரி குனிந்து, பெட்டிக்கு உள்ளே வயிறு ஏறி இறங்குகிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் அழுகை வரவில்லை. மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காதை வெளியே வைத்துக்கொண்டு, அடுத்து யார் வந்து எந்தப் பக்கம் ஓடச் சொல்வார்கள் என்று காத்திருந்தார்கள். அம்மாவின் கடைசித் தம்பி கூட ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு அழ ஆள் இல்லாமல் செய்துவிட்டேனே என்று நினைத்தாள் திலகவதி.

அப்போது ஒரு லாரி வந்து நின்றது. காலனி ஜனம் மொத்தமும் அதில் இருந்தது. இப்போதெல்லாம் சுகன்யா தனக்கு வருகிற எந்தச் செய்தியையும் வடிவுக்கும் தள்ளிவிட்டுவிடுகிறாள். அவர்களும் மூட்டையோடுதான் வந்திருந்தார்கள், கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். வடிவு மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். யாரும் தடுக்கவில்லை. முப்பத்திரண்டு வயதுக்காரி, பாதித் தலை நரைத்திருந்தது.

பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியின் மேல் கையை வைத்தாள். "ஆத்தா" என்று ஆரம்பித்தவள், பிறகு நிறுத்தவே இல்லை. வீடு முழுக்க அந்த ஒரு குரல்தான் அழுதது. நடுவே எங்கேயோ ஆத்தா போய், "அபி, அபி" என்று ஆனது.

திலகவதி தாங்க மாட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களால ஒண்ணும் பண்ண முடியல வடிவு. எத்தனையோ அனுப்பிப் பாத்தோம். அணைன்னா அறுந்துச்சு, மேடுன்னா அறுந்துச்சு. ஒரு வார்த்தையும் ஒன்கிட்ட வந்து சேரல."

வடிவு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஏன்க்கா, ஒங்களுக்குள்ள ஒரு சாவச் சொல்லித்தான எல்லாரையும் வரவச்சீக. எங்களுக்கும் ஒரு சாவு சொல்லியிருந்தா, நாங்களும் வந்திருப்போம்ல?"